பாட்டியின் சமையல் நோட்டைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு குறிப்பைப் பாருங்கள். என் பாட்டியின் நோட்டில் பதினோராம் பக்கம். எழுத்துப்பிழை எதையும் நான் திருத்தவில்லை.

"மோர்க்கொழம்பு. புளித்த மோர் அரைப்படி. ஊறின து.பருப்பு ஒரு கை பச்சமொளகா நாலு ஜீரகம் கொஞ்சம் தேங்கா மூடி பாதி வைத்து அரைத்து மோரில் கரைத்து மஞ்சப்பொடி உப்பு போட்டு வெந்த பூசணிக்காயில் விட்டு பொங்கி வரச்சே இறக்கி கடுகு வரமொளகா தாளித்துக் கொட்ட வேண்டியது."

அவ்வளவுதான். எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், எந்தப் பாத்திரம், எவ்வளவு தீ, ஒன்றும் இல்லை. பாட்டி அரைகுறையாக எழுதிவைத்துவிட்டார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நோட்டுகளைப் படித்த பிறகுதான் புரிந்தது, இதில் எதுவும் விட்டுப்போகவில்லை. சமைக்கத் தெரிந்தவர், சமைக்கத் தெரிந்த இன்னொருவருக்கு எழுதியது இது. நேரமும் தீயும் முன்வேலையும் எல்லாமே உள்ளே இருக்கின்றன. எண்ணாக இல்லை, தமிழ் இலக்கணமாக இருக்கின்றன. அதைப் பிரித்துப் படிக்கத்தான் இந்த வழிகாட்டி.

1. முதலில் படம் எடுங்கள்

கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோர வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். அட்டை, காலிப் பக்கம், நடுவில் செருகியிருக்கும் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் இருக்கிற வரிசையிலேயே எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். நாளானால் பசை மஞ்சளாகிக் காகிதத்தைக் கறையாக்கிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது.

எண்ணெய்க் கறையைத் துடைக்கவும் வேண்டாம். கறையும் ஒரு தகவல்தான். என் பாட்டி நோட்டில் அதிரசப் பக்கம் எண்ணெய் ஊறிக் கண்ணாடி போல ஆகிவிட்டது. கோதுமை அல்வா பக்கம் புத்தம் புதிதாக இருக்கிறது. அதை அவர் செய்ததே இல்லை, அல்லது பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு மனப்பாடம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் பக்கமே இல்லாததைப் பார்த்து ஏமாற வேண்டாம். தினமும் செய்வதை யாரும் எழுதிவைப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற பட்சணம், வடாம், ஊறுகாய், பிரசவ லேகியம் இவைதான் நோட்டுக்குள் வரும்.

2. இருப்பதை இருப்பதுபோலவே எழுதிக்கொள்ளுங்கள்

அடுத்தது பிரதி எடுப்பது. பிழை, நிறுத்தற்குறி இல்லாமை, பாதியில் நின்ற வரி எல்லாம் அப்படியே வர வேண்டும். படிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள், அப்புறம் எது பாட்டியுடையது, எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

"மொளகா" என்பதை "மிளகாய்" என்று திருத்தினால் ஒரு சாட்சியை அழித்தது மாதிரி. "வரச்சே" என்ற ஒரு சொல்லே அது பிராமண வீட்டுப் பேச்சு என்று சொல்லிவிடுகிறது. தளிகை, சாத்தமுது என்று வந்தால் வைணவ வீடு. உக்காரை, கும்மாயம் என்றால் செட்டிநாட்டுப் பக்கம். தீயல் வந்தால் நாஞ்சில் நாடு. ஆணம் என்றால் தமிழ் முஸ்லிம் வீடு, அங்கே சில குறிப்புகள் அரபுத்தமிழிலும், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழிலும், இருக்கலாம். சரக்குத்தூள் என்றால் யாழ்ப்பாணம். வீட்டைக் கண்டுபிடித்தால் பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தானாக வந்துவிடும், "எண்ணெய்" என்றால் எது என்பது உட்பட.

பேனா பிடித்தவர் யார் என்றும் பாருங்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 9 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் பெண்களின் குறிப்பு பலவும் அவர்கள் சொல்ல, வேறு யாரோ எழுதியவை. என் பாட்டி நோட்டில் முதல் எட்டுப் பக்கம் பெரியப்பாவின் பள்ளிக்கூடக் கையெழுத்து. ஓரிடத்தில் "அரைத்து" என்பதை அடித்துவிட்டு, மேலே பொடியாக "இல்ல அதுக்கு முன்னாடி வறுக்கணும்" என்று எழுதியிருக்கிறார். பாட்டி சொன்னதை யோசிக்காமல் அப்படியே எழுதிவிட்டார் போல. அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

3. எந்தக் காலத்து நோட்டு?

நோட்டில் தேதி இருந்தால் அது பெரும்பாலும் தமிழ் வருஷமாக இருக்கும். நந்தன ௵ தை ௴ என்பது மாதிரி. ௵ வருஷம், ௴ மாதம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால் நந்தன என்பது 1892-93, 1952-53, 2012-13 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். வேறு தடயம் கொண்டு முடிவு செய்யுங்கள்.

தடயம் எதுவெல்லாம்? சமையல் குறிப்புக்கு நடுவே சலவைக் கணக்கும் பால் கணக்கும் இருக்கும். அது அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது என்று கொள்ளலாம், நயா பைசா வந்தது அப்போதுதான். கிராம், கிலோ வந்தால் 1958க்குப் பிந்தையது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் பழைய எடைகளான பலமும் வீசையும் வாய்ப்பேச்சில் இன்னும் பல வருஷம் இருந்தன. லை, ளை, ணை, னை ஆகியவை துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருப்பதை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள். எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978இல். அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் பலர் கடைசிவரை துதிக்கைதான் போட்டார்கள். விசில் கணக்கு வந்துவிட்டால் குக்கர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

4. எண்ணும் குறியும்

பக்கத்தின் தலையில் தனியாக "உ" இருந்தால் அது பிள்ளையார் சுழி. அதே உ "ஆழாக்கு" என்ற அளவுச் சொல்லுக்கு முன்னால் வந்தால் இரண்டு. பழைய நோட்டுகளில் தமிழ் எண்கள் சகஜம்: ச நான்கு, ரு ஐந்து, எ ஏழு, அ எட்டு, ய பத்து. கால் என்பதற்கு வ போன்ற குறி. ஔவையார் சொன்னதாக வழங்கும் "எட்டேகால் லட்சணமே" என்ற வசையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எட்டு அ, கால் வ, சேர்த்தால் அவலட்சணம். கூப்பிட்டுத் திட்டியது இன்றைக்குச் சமையலறையில் உதவுகிறது.

௸ என்ற குறி, அல்லது "ஷை" என்று எழுதியது, மேற்படி. "மிளகு ௧ பலம், ஜீரகம் ௸" என்றால் ஜீரகமும் ஒரு பலம்.

சுருக்கெழுத்தில்தான் கால் இடறும். து.ப. (துவரம்பருப்பு), உ.ப. (உளுத்தம்பருப்பு), க.ப. (கடலைப்பருப்பு) எல்லாம் தெரிந்தவை. "வெ." என்று மட்டும் இருந்தால் அது வெல்லமா, வெந்தயமா, வெங்காயமா, வெண்ணெயா? பலகாரத்தின் பெயரையும் பக்கத்தில் இருக்கும் அளவையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். முறுக்கில் "வெ. எலுமிச்சை அளவு" என்றால் வெண்ணெய். அதிரசத்தில் "வெ. ௨௦ பலம்" என்றால் வெல்லம்.

5. அளவுகளை மாற்றுவது

முகத்தலளவை முதலில். 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு படி. ஆக ஒரு படிக்கு 8 ஆழாக்கு, 8 படி ஒரு மரக்கால். சென்னைப் பட்டணம் படியை எடுத்துக்கொண்டால் அது சுமார் 1.6 லிட்டர், ஆழாக்கு சுமார் 200 மில்லி. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். பெரிய படி, சின்னப் படி என்று ஒரே ஊரில் இரண்டும் புழங்கியதுண்டு. வீட்டில் பழைய ஆழாக்கு பரணில் கிடந்தால் இறக்கி, தண்ணீர் நிரப்பி, மில்லி லிட்டர் குவளையில் ஊற்றி அளந்துவிடுங்கள். எந்த வாய்ப்பாட்டையும்விட அதுதான் உங்கள் நோட்டுக்குச் சரியான அளவு. "தலை தட்டி" என்றால் வாயளவுக்கு வழித்தது. "கோபுரமாக" என்றால் குவித்தது. இரண்டுக்கும் நடுவே மாவில் கணிசமான வித்தியாசம் வரும்.

அடுத்தது எடை. பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை ஒரு தோலா, 11.66 கிராம். "ரூபா எடை" என்று எழுதியிருந்தால் அதுதான். "நாலணா எடை" அதில் கால் பங்கு, 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இதையும் "நாலணாவுக்கு" என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னது விலை. "ஓரணாவுக்குக் கறிவேப்பிலை" என்பதை இன்றைக்கு மாற்றவே முடியாது, ஒரு கொத்து என்று எழுதிக்கொண்டு போய்விடலாம்.

3 தோலா ஒரு பலம், சுமார் 35 கிராம். 8 பலம் ஒரு சேர். 5 சேர், அதாவது 40 பலம், ஒரு வீசை, சுமார் 1.4 கிலோ. 8 வீசை ஒரு மணங்கு. லேகியக் குறிப்புகளில் வராகன் எடை வரும். 10 வராகன் ஒரு பலம்.

இங்கேதான் நான் அடி வாங்கினேன். பாட்டியின் மைசூர்பாகு: கடலை மாவு 4 பலம், சர்க்கரை 1 சேர், நெய் கால் வீசை. ஒரு சேர் 933 கிராம் என்று எங்கோ படித்தது நினைவிருந்தது. அப்படியே போட்டேன். பாகு வாணலியோடு ஒன்றாகிக் கல்லாகிவிட்டது. தட்டிப் பார்த்ததில் கரண்டிதான் வளைந்தது.

933 கிராம் என்பது வடக்கே வழங்கிய 80 தோலா சேர். சென்னை மாகாணத்துச் சேர் 24 தோலாதான், 280 கிராம். இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மாவு 140 கிராம், சர்க்கரை 280, நெய் 350. ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு இரண்டரை. மைசூர்பாகு செய்கிற யாரைக் கேட்டாலும் இந்த விகிதத்தைத்தான் சொல்வார்கள். அன்றிலிருந்து எந்த அளவை மாற்றினாலும் விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் அடுப்பு. ஒரு பொருள் மட்டும் தாறுமாறாக நின்றால் தப்பு பாட்டியிடம் இல்லை, நம் வாய்ப்பாட்டில்தான்.

மூன்றாவது வகை, பழமும் காயும் கையும். சுண்டைக்காய் அளவு பெருங்காயம், நெல்லிக்காய் அளவு புளி, எலுமிச்சங்காய் அளவு புளி, கொட்டைப்பாக்கு அளவு வெண்ணெய். இவை நாட்டுக்காயின் அளவுகள். இன்றைய கடை எலுமிச்சை பெரிது. நான் உருட்டி நிறுத்ததில் நெல்லிக்காய் அளவுப் புளி 12 கிராம், எலுமிச்சங்காய் அளவு 28 கிராம் வந்தது. உங்கள் புளியில் கோதும் கொட்டையும் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். "ஒரு கை" என்பது எழுதியவரின் கை. பாட்டியின் வளையல் ஒன்று என்னிடம் இருக்கிறது, என் மணிக்கட்டுக்கு மேல் ஏறுவதே இல்லை. அவருடைய ஒரு கைத் துவரம்பருப்பு என் கையில் முக்கால்தான்.

6. வினைச்சொல்லைப் பிரியுங்கள்: செய்து, செய்த, செய

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் வினையெச்சம், பெயரெச்சம் என்று படித்தோமே, அதற்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பழைய குறிப்புகளில் வினைச்சொல் மூன்று வடிவில் வரும். மூன்றுக்கும் வேலை வேறு.

"செய்து" வடிவம்: வறுத்து, அரைத்து, கரைத்து, விட்டு, இறக்கி. இவை வரிசை. ஒன்று முடிந்துதான் அடுத்தது. மோர்க்குழம்புக் குறிப்பில் வைத்து அரைத்து, கரைத்து, போட்டு, விட்டு, இறக்கி, தாளித்து என்று ஆறு இருக்கின்றன. ஆறும் ஆறு படிகள். ஒவ்வொன்றையும் தனி வரியாக உடைத்து எண் போட்டாலே நமக்குப் பழகிய செய்முறை கிடைத்துவிடும். கடைசியில் வரும் "வேண்டியது"தான் முற்றுப்புள்ளி.

"செய்த" வடிவம், அதாவது பெயரெச்சம்: ஊறின பருப்பு, வெந்த பூசணிக்காய், புளித்த மோர். இதுதான் ஆளைக் கவிழ்க்கும். பார்த்தால் பொருளின் பெயர் மாதிரி இருக்கும், உண்மையில் உள்ளே ஒரு முழு வேலை ஒளிந்திருக்கும். புளித்த மோர் என்றால் முந்தின நாளே எடுத்துவைத்தது. ஊறின பருப்பு என்றால் ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீரில் போட்டது. வெந்த பூசணிக்காய் என்றால் அம்மியில் கை வைக்கும்போதே பக்கத்து அடுப்பில் காய் வெந்துகொண்டிருக்கிறது. குறிப்பைப் படித்ததும் முதலில் பெயரெச்சங்களை எல்லாம் வட்டமிடுங்கள். அவற்றை வெளியே எடுத்து, நேரப்படி அடுக்கி, குறிப்புக்கு மேலே எழுதுங்கள். முதல் நாள் இரவு செய்ய வேண்டியது எது, காலையில் எது என்று அப்போதுதான் தெரியும்.

"செய" வடிவம்: சுருள வதக்கி, சிவக்க வறுத்து, சுண்டக் காய்ச்சி, மசிய வேகவைத்து, திரளக் கிண்டி. கடிகாரம் இருப்பது இங்கே. எதுவரைக்கும் என்ற கேள்விக்குப் பதில் இந்த ஒரு சொல்தான். "பத்து நிமிஷம் வதக்கு" என்பதைவிட "சுருள வதக்கு" என்பது கறாரானது என்பேன். காய் முற்றலா பிஞ்சா, தீ பெரிதா சிறிதா என்பது நிமிஷத்துக்குத் தெரியாது, சுருளுவது கண்ணுக்குத் தெரியும். இதைப் புதிதாக எழுதும்போது நிமிஷமாக மாற்றி அந்தச் சொல்லைத் தூக்கிவிடாதீர்கள். வேண்டுமானால் நிமிஷத்தைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும் சொல்லையும் கவனியுங்கள். "கொட்ட வேண்டியது", "போட்டா ஆச்சு" என்று போகிற நோட்டில் திடீரென்று ஒரு பக்கம் "சேர்க்கவும், இறக்கவும்" என்று மாறி, தலையில் "தேவையான பொருட்கள்" என்ற பட்டியலும் இருந்தால் அது அநேகமாகப் பத்திரிகையிலோ புத்தகத்திலோ பார்த்து எழுதியது. அச்சு நடை அது. எஸ். மீனாட்சி அம்மாள், உறவுக்காரப் பெண்களுக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த குறிப்புகளை வளர்த்தெடுத்து 1951இல் "சமைத்துப் பார்" என்று வெளியிட்டார். அதன் பிறகு கல்யாணச் சீரோடு சேர்த்துப் புத்தகமே பல வீடுகளுக்குப் போயிற்று. கைநோட்டும் அச்சுப் புத்தகமும் ஒரே அலமாரியில் இருந்ததால் நடையும் கலந்துதான் இருக்கும்.

அப்புறம் வினைச்சொற்களின் குடும்பம். அரிசி ஒன்றுக்கே எத்தனை வேலை பாருங்கள். முறத்தில் போட்டுப் புடைத்துப் பதரை நீக்குவது. கொழித்துக் குருணையைப் பிரிப்பது. தண்ணீரில் களைவது. களைந்த பிறகு, பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டி ஆட்டிக் கல் அடியில் தங்கும்படி அரிப்பது. "களைந்து அரித்து" என்று இருந்தால் இரண்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள், இரண்டு வேலை. பாக்கெட் அரிசிக்கு அரித்தல் தேவையில்லை, விட்டுவிடலாம். ஆனால் பிரதியில் சொல் இருக்கட்டும்.

அதேபோல இடிப்பது உரலில், அரைப்பது அம்மியில், ஆட்டுவது ஆட்டுக்கல்லில், திரிப்பது எந்திரத்தில், அதாவது கையால் சுற்றும் திருகைக்கல்லில். எந்தக் கருவி என்று தனியாக எழுத வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை, வினைச்சொல்லே சொல்லிவிடும். "இடித்துச் சலித்து" என்று இருக்கும் அதிரச அரிசியை மிக்சியில் அரைத்தாலும் நடக்கும். ஆனால் சலிப்பதைத் தவறவிடக் கூடாது. "உளுந்தை ஆட்டி" என்பதை மிக்சியில் செய்தால் சூடேறி, பந்துபோல் பொங்காது. குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் அரைக்க வேண்டும்.

7. பெயர் அதேதான், பொருள் வேறு

இது கொஞ்சம் சங்கடமான பகுதி, ஏனென்றால் எல்லாச் சொல்லும் தெரிந்த சொல்லாகவே இருக்கும்.

சர்க்கரை என்பது பல நோட்டுகளில் வெல்லச் சர்க்கரை. சர்க்கரைப் பொங்கலில் வெல்லம்தானே போடுகிறோம்! வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி, ஜீனி, அஸ்கா என்று தனிப் பெயர்கள். அஸ்கா என்பது ஓர் ஊர். அன்றைய சென்னை மாகாணத்தில், கஞ்சம் ஜில்லாவில் இருந்த அந்த ஊரின் ஆலையில் செய்த சர்க்கரைக்கு ஊர்ப் பெயரே வந்துவிட்டது. எண்ணெய் என்று வெறுமனே இருந்தால் பெரும்பாலும் நல்லெண்ணெய், தெற்கே நாஞ்சில் பக்கம் தேங்காய் எண்ணெய். வெங்காயம் சின்ன வெங்காயம். கொத்தமல்லி விதை, தழை என்றால் தழை என்றே எழுதுவார்கள். உப்பு கல் உப்பு. அதே கரண்டியால் பொடி உப்பை அள்ளிப் போட்டால் கரிக்கும். பெருங்காயம் கட்டிப் பெருங்காயம். இப்போது டப்பாவில் வருவது மாவும் கோந்தும் கலந்தது, அதனால் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

புரியாத சொல் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பின்னிணைப்பு 1939இல். இணையத்தில் தேடவும் முடியும். வட்டார வழக்கு, வைத்தியச் சொல், அளவைப் பெயர் என்று நிறையக் கிடைக்கும். அதிலும் இல்லையா? வீட்டில் இருக்கும் மூத்த பெண்மணியைக் கேளுங்கள். ஆனால் "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்" என்று கேட்டால் பதில் வராது. "இதை எப்படிப் பண்ணுவீங்க" என்று கேளுங்கள், அர்த்தம் தானாக வந்து விழும்.

8. பதம்

பாகுக் குறிப்புகளில் பதத்தின் பெயர்தான் வெப்பமானி. ஒரு கம்பி, இரட்டைக் கம்பி, உருட்டுப் பதம், கடைசியில் தட்டில் போட்டால் "டங்" என்று சத்தம் கேட்கிற கெட்டிப் பாகு. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, மெத்தென்று உருட்ட வந்தால் வெப்பமானியில் சுமார் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் காட்டும். அதிரசத்துக்கு அந்த அருகில் நின்றால் போதும். வெப்பமானி இருந்தாலும் விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், பாட்டி எழுதிய சொல் எந்த உணர்வு என்று கைக்குத் தெரிய வேண்டும்.

காது, மூக்கு இரண்டுக்கும் வேலை உண்டு. "சத்தம் அடங்கியதும் எடு" என்று முறுக்கில் வருவது, மாவில் இருந்த ஈரம் போய் எண்ணெயின் சலசலப்பு ஓய்கிற நேரம். "பச்சை வாசனை போக" என்பது மூக்குக்கு. "நுரை கூடி வர" என்பது ரசத்துக்கு, கொதிக்கவிடாதே என்று அர்த்தம்.

இரட்டைக்கிளவிகளை அலங்காரம் என்று ஒதுக்காதீர்கள். இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியமே சொல்கிறது, ஆனால் சமையலில் ஒவ்வொன்றும் ஒரு துல்லியமான நிலை. பொலபொல என்றால் உதிரி, சோறுக்கும் உசிலிக்கும். கொழகொழ என்றால் வெண்டைக்காய் கெட்டுப்போனது. தளதள என்று கொதிப்பது பெரிய கொதி. கொரகொர என்று அரைப்பது ரவை மாதிரி, அடைக்கு. உங்கள் குடும்பத்தில் எந்தச் சொல் எதற்கு வழங்குகிறது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும்.

9. எழுதப்படாத அடுப்பும் பாத்திரமும்

"இறக்கி" என்ற சொல்லைப் பாருங்கள். விறகடுப்பையும் குமுட்டி என்ற கரியடுப்பையும் நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது, பாத்திரத்தைத்தான் இறக்க வேண்டும். "தணலில் வைத்து" என்றால் எரியும் கட்டையை வெளியே இழுத்துவிட்டு, கங்கின் சூட்டில் விட்டுவிடுவது. கேஸில் ஆகச் சிறிய தீ, அதற்கும் கீழே ஒரு தோசைக்கல்.

பாத்திரமும் அளவை மாற்றும். கல்சட்டி சூட்டை விடாது. இறக்கிவைத்த பிறகும் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். "இரண்டு கொதியில் இறக்கு" என்ற குறிப்பை மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் அப்படியே செய்தால் குழம்பு நீர்த்துப்போகும், கூட ஐந்து நிமிஷம் விட வேண்டும். ஈயச்சொம்பு ரசம் என்றால் சொம்பில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், காலியாக வைத்தால் சொம்பு போய்விடும். எந்த நோட்டிலும் இந்த எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை. தெரியாதவர் கையில் ஈயச்சொம்பைக் கொடுத்தால்தானே!

10. சமைத்துப் பார்த்து, பக்கத்தில் எழுதுங்கள்

கால் அளவில் ஆரம்பியுங்கள். முதல் தடவை குறிப்பில் இருப்பதை மட்டும் செய்யுங்கள், உங்கள் கைவரிசையைக் காட்ட வேண்டாம். பழைய பிரதி இடப்பக்கம், உங்கள் செய்முறை வலப்பக்கம் இருக்கட்டும். பழையதன் மேல் எழுதாதீர்கள். சந்தேகமான இடத்தில் இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள்.

மோர்க்குழம்பில் எனக்கு இருந்த சந்தேகம் "தேங்கா மூடி பாதி". உடைத்த தேங்காயின் ஒரு பாதிதான் மூடி. அப்படியானால் மூடி பாதி என்பது கால் தேங்காயா, இல்லை, "மூடி, அதாவது பாதித் தேங்காய்" என்று விளக்கமாகச் சொன்னதா? பெயரெச்சங்களை வெளியே எடுத்தேன்: முந்தின நாள் மோர், ஒரு மணி நேரம் ஊறிய பருப்பு, வேகவைத்த பூசணி. அரைப்படியைக் கால் பங்காக்கினால் 200 மில்லி மோர். தேங்காயை அதே விகிதத்தில் இரண்டு விதமாகக் குறைத்து இரண்டு கிண்ணம் வைத்தேன். பொங்கி வரும்போதே இறக்கினேன், அதற்கு மேல் கொதித்தால் மோர் திரிந்துவிடும்.

அத்தையிடம் இரண்டையும் கொடுத்தேன். கெட்டியாக இருந்ததை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது கல்யாண வீட்டுக் கொழம்புடி" என்று தள்ளிவைத்தார். கால் தேங்காய்க் கிண்ணத்தை இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அம்மா தாளிச்சது தேங்கா எண்ணெயில" என்றார். நோட்டில் அது இல்லை. வலப்பக்கத்தில் பென்சிலால், தேதி போட்டு, அத்தை சொன்னது என்று எழுதிக்கொண்டேன்.